மூச்சுக்கும் ஒரு தராசு

1

போன கிழமை எதிர்க்காற்றில் ஒரு மனிதரை முந்திவிட்டேன். அதிலிருந்துதான் இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

இரண்டு பேரும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். அவருடையது வெட்டுக்கிளி மாதிரி மெலிந்த பந்தய சைக்கிள். உடம்போடு ஒட்டிய சட்டை, கறுப்புக் கண்ணாடி. என்னுடையது கனமான பொம்பளை சைக்கிள், முன்னால் கம்பிக்கூடை. அதற்குள் நான் வீட்டுவேலைக்குப் போகும் ஒரு வயதான அம்மாவுக்கு வாங்கிய பாணும் பாலும் மருந்தும் இருந்தன. டென்மார்க்கின் இந்தப் பக்கத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. கடலில் புறப்பட்டு நேரே நெஞ்சில் வந்து மோதும். அவர் குனிந்து மிதித்துப் பார்த்தார். நான் என் பாட்டில் மிதித்து அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

சிவப்பு விளக்கில் வந்து சேர்ந்துகொண்டார். பாவம், நன்றாக மூச்சு வாங்கியது. நான் எந்தக் கழகத்தில் பயிற்சி எடுத்தேன் என்று கேட்டார். இங்கே ஓடுவதற்கும் நீந்துவதற்கும் எல்லாவற்றுக்கும் ஒரு கழகம் உண்டு.

"பொகவந்தலாவை, மேற்கணக்கு" என்றேன்.

அவருக்கு எங்கே விளங்கும்? தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம். நாங்கள் குடியிருந்த லயம் மேற்கணக்கில் இருந்தது. இலங்கை என்று சொல்லி, மலை என்று கையை உயர்த்திக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. "ஓ, மலைக்காற்று! உயரத்தில் பிறந்தவர்களுக்கு நெஞ்சு அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தோட்டத்துத் துரைமாரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். வாசலில் ஜீப் நிற்காவிட்டால் அவர்களால் பங்களாவிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் வர முடியாது. மலை யாரையும் தூக்கிக்கொண்டு ஏறாது. ஏறியது நாங்கள், முதுகில் கூடையோடு.

அட்டனிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதி உங்களை உச்சுக்கொட்ட வைப்பார்கள். எனக்கு யாருடைய உச்சும் வேண்டாம். நான் எழுதப் போவது, இந்த ஊரில் என்னைப் பலவீனமானவள் என்று எழுதி வைத்ததையும், அதை மாற்ற என் மூச்சை நானே எடை போடச் சொன்னதையும்.

2

அதற்கு முதல் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்கு இது தினமும் நடப்பது.

கொழுந்து எடுக்கும்போது நாங்கள் மலையில் இறங்கிக்கொண்டே போய்விடுவோம். நிறுக்கும் நேரத்தில் நிறைந்த கூடையோடு மடுவம் என்கிற கொட்டகைக்கு ஏற வேண்டும். கூடைக்கயிறு நெற்றியில் இறுகும். அந்த ஏற்றத்தில் யாரும் பேச மாட்டோம், பேசினால் மூச்சு வீணாகும். மடுவத்தில் தராசு தொங்கும். கணக்கப்பிள்ளை கூடையை மாட்டி, முள்ளைப் பார்த்து, எடையைச் சொல்வார். சொல்வதற்கு முன்னால் கழிப்பார். கூடைக்கு ஒரு கழிப்பு, ஈரத்துக்கு ஒரு கழிப்பு, முற்றிய இலைக்கு ஒரு கழிப்பு. சுள்ளென்று வெயிலடித்த நாளிலும் ஈரத்துக்குக் கழித்ததை நான் பார்த்திருக்கிறேன். கழித்த பிறகு எடை போதாவிட்டால் அரைப்பேர். பேர் என்றால் ஒருநாள் வேலை. அரைப்பேர் என்றால், நாள் முழுதும் மலையில் நின்றவள் பாதிநாள்தான் நின்றாள் என்று அர்த்தம்.

அதனால் எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போதுமான அளவு எடுத்த பிறகும் கொஞ்சம் கூட்டி எடுப்போம். "கழிப்புக்குப் போடுடி, கழிப்புக்குப் போடு" என்று பக்கத்து நிரையிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அது கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பீலியில் தண்ணீர் பிடித்தாலும் கழிப்புக்குக் கொஞ்சம், விறகு கட்டினாலும் கழிப்புக்குக் கொஞ்சம்.

ஒன்று மட்டும் எங்களுக்குக் கிடையாது. முள்ளைப் பார்க்க முடியாது. கணக்கப்பிள்ளை தராசுக்கும் எங்களுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நாங்கள் பார்ப்பது அவருடைய கோட்டைத்தான்.

நான் பொகவந்தலாவை டவுன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். பிரஜாவுரிமை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பத்தாவது படித்தாலும் கூடைதான். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம் அது. துரை மாறினார், வாசலில் போர்டு மாறியது. தராசும் மாறவில்லை, கணக்கப்பிள்ளையின் முதுகும் மாறவில்லை. ஒருநாள் என் கூடையை மாட்டியதும் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தேன்.

"என்னடி எட்டிப் பாக்குற? ஒனக்கு முள்ளு படிக்கத் தெரியுமா?"

"தெரியும்ங்க. பத்தாவது படிச்சிருக்கேன்."

"ஓகோ. அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு வராத. ஸ்கூலுக்கே போயிடு."

சிரித்தவர்களில் எங்கள் பெண்களும் இருந்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரட்டு என்பது காலையில் ஆள் எடுக்கும் இடம். அங்கே பேர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. மறுநாள் விடிய நான் அங்கே போய் நின்றேன். என் பேரைக் கூப்பிடவில்லை. "நான் வந்திருக்கேன்ங்க" என்றேன். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அதற்கு மறுநாளும் போனேன். அடுத்த நாளும் போனேன். சண்டை போடவில்லை, அழவில்லை. வரிசையில் நின்று, "நான் வந்திருக்கேன்ங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு கிழமை முடியும்போது கணக்கப்பிள்ளைக்கு மேலே இருந்த கண்டாக்கு ஐயாவுக்கே பொறுக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்குப் பேர் போடுய்யா. காலங்காத்தால மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்குது, பாக்கச் சகிக்கல."

பேர் கிடைத்தது. முள் கிடைக்கவில்லை.

3

இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அட்டனில் ஒரு தையல்கடையில் வேலை பார்த்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை சாம்பலானது. அவர் முதலில் புறப்பட்டு வந்தார், பிறகு நானும் மகள் சாந்தியும் வந்தோம். கொழும்பில் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தபோது, "உன் அப்பா எங்கே பிறந்தார், அவருடைய அப்பா எங்கே பிறந்தார்" என்று சிங்களத்தில் கேட்டார்கள். இங்கே இறங்கியதும் "எந்த நாட்டவர்" என்று டேனிஷில் கேட்டார்கள். கேள்வி ஒன்றுதான், மேசைதான் வேறு.

வந்தவுடன் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இரத்தம் குறைவு. எழுபத்து நாலு பஞ்சத்தில் மாவுக்கும் வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்ணுக்கு, அதுவும் அந்த வருடம் பிள்ளை பெற்றவளுக்கு, இரத்தம் நிறைந்து வழியுமா? மாத்திரை தந்தார்கள். ஒரு வருடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் பலவீனமானவள் என்ற சொல் என் பெயரோடு ஒட்டிக்கொண்டு மேசை மேசையாக என்னோடு வந்தது.

இந்த ஊரில் வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, சமைத்து, குளிப்பாட்டுவதற்கு நகரசபை பெண்களை வேலைக்கு எடுக்கிறது. வீடு வீடாகச் சைக்கிளில் போக வேண்டும், காற்றிலும் பனியிலும். நான் அந்த வேலையைக் கேட்டேன். நகரசபையில் எங்கள் குடும்பத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவள் ஊல்லா என்ற பெண். அவள் யோசித்தாள். உடம்புக்கு முடியுமா என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி, ஒரு நர்ஸிடம் அனுப்பினாள்.

மொழி பெயர்க்கச் சாந்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வயதிலேயே அவள் எனக்கும் இந்த நாட்டுக்கும் நடுவில் நின்றாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒரு முழம் பேசினால் அவள் ஒரு சாண்தான் டேனிஷில் சொல்லுவாள்.

அறையில் எங்கும் போகாத ஒரு சைக்கிள் இருந்தது. ஒரே ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றி ஒரு பட்டி இறுக்கிப் பிடித்திருந்தது, பட்டியின் முனையில் ஓர் எடை தொங்கியது, பக்கத்தில் அளவுக்கோடுகள். எனக்குப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. அது தராசு!

நர்ஸ் நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். டக், டக் என்று அடிக்கும் ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்தாள். அந்த அடிக்குச் சரியாக மிதிக்க வேண்டும் என்று சாந்தி சொன்னாள். நான் அதுவரை சைக்கிளில் உட்கார்ந்ததே இல்லை. பொகவந்தலாவையில் சைக்கிள் என்பது இறக்கத்தில் பையன்கள் விழுவதற்கும் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதற்கும் இருந்த ஒரு சாமான். ஆனால் கால் பழகிக்கொண்டது. பழகியதும் என் உடம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. பெட்டி டக் என்றால் நான் டக்குக்கு மேலே கொஞ்சம் மிதித்தேன். கழிப்புக்கு.

நர்ஸ் கையை மெதுவாகத் தாழ்த்திக் காட்டினாள்.

"அம்மா, மெதுவாங்குறாங்க."

மெதுவா? எந்தத் தராசுக்காரர் மெதுவாக என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார்? அரைப்பேர் போடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாக மிதித்தேன்.

"அம்மா! மெதுவா! எல்லாரும் பாக்குறாங்க!"

எல்லாரும் என்று அங்கே யாரும் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். நர்ஸ் என் நெஞ்சில் குழாயை வைத்துத் துடிப்பை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள், ஓர் அட்டவணையைப் பார்த்தாள். முகம் இரக்கமாக மாறியது. இலேசான வேலைக்கே என் இதயம் இப்படி ஓடுகிறதாம். அப்படி ஓடுகிற இதயத்தால் உடம்புக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொண்டு வந்து சேர்க்க முடியாதாம். காற்றில் சைக்கிள் ஓட்டும் வேலை எனக்கு ஆகாதாம்.

"நான் பெட்டி அடிச்சதுக்கு மேல மிதிச்சேனே, அதச் சொல்லு" என்றேன்.

சாந்தி கேட்டுவிட்டுச் சொன்னாள். "அட்டவணைல பெட்டி அடிக்கிறதுக்கு மட்டுந்தான் கணக்காம்மா. நீங்க கூட மிதிச்சதுக்குக் கணக்கே இல்லையாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நான் கூட்டி மிதித்தது எங்கேயும் பதியவில்லை. அதற்காக ஓடிய இதயம் மட்டும் பதிந்தது. எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருடம் மலையில் செய்ததும் இதேதான். கூட்டிப் போட்டதை யாரோ கொண்டு போனார்கள், இரத்தம் குறைந்ததை மட்டும் எங்கள் பேரில் எழுதினார்கள்.

இன்னொரு தடவை செய்யலாமா என்று கேட்டதற்கு, முடிவு எழுதியாகிவிட்டது என்றாள் நர்ஸ். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சாந்தி எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

4

ஊல்லா எனக்காக வருத்தப்பட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களைப் போன்ற பெண்கள் எவ்வளவோ பட்டுவிட்டீர்கள், இனி உட்கார்ந்து செய்யும் இலேசான வேலை போதும், தையல் வகுப்பு ஒன்று தொடங்குகிறது என்றாள்.

எனக்கு வேலை வேண்டும் என்று சொல்லப் போய், எனக்குத் தெரிந்த டேனிஷில் "நான் வேலை" என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதிலும் தப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற இடத்துக்குப் போனோம். நம் ஆட்கள் என்றால் இங்கே யாழ்ப்பாணத்துக்காரர்கள்தான் அதிகம். பலகாரத் தட்டோடு வந்த ஓர் அம்மா, "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டார். பொகவந்தலாவை என்றேன். "ஓ… தோட்டமோ" என்று இழுத்தார். தையல் வகுப்பைப் பற்றிச் சொன்னதும், "அது உங்களுக்குக் காணும்தானே" என்றார், போதும் என்கிற அர்த்தத்தில். கெட்ட மனுஷி அல்ல, வடை நன்றாகத்தான் சுட்டிருந்தார். ஆனால் எனக்கு எது காணும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

திங்கட்கிழமை விடிந்ததும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் பெரட்டுக்குப் போனேன்.

நகரசபை கதவு திறக்கும்போது வாசலில் நின்றேன். ஊல்லா வந்தாள். "நான் வந்திருக்கிறேன்" என்று டேனிஷில் சொன்னேன். இன்று சந்திப்பு இல்லையே என்றாள். சரி என்று வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் நின்றேன். "நான் வந்திருக்கிறேன். இன்னொரு சோதனை." புதன்கிழமை பனி கொட்டியது, காவலாளி உள்ளே வந்து நிற்கச் சொன்னான். வேண்டாம், பெரட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அடுத்த கிழமை அவன் கோப்பி கொண்டுவந்து கையில் தந்தான். அதை வாங்கிக் குடித்தேன், வீம்புக்கும் ஒரு அளவு வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது.

"எதுக்கு இந்த வம்பு, பாக்கியம்? நம்ம பேப்பரெல்லாம் அவங்க கையில இருக்கு. கோவத்துல திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?"

"எந்த நாட்டுக்குங்க அனுப்புவாங்க? அதக் கண்டுபிடிச்சுச் சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாந்திதான் கோபப்பட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் நகரசபை இருக்கிறது. அவளுடைய தோழிகள் என்னைப் பார்த்துவிட்டார்களாம். "அம்மா, இங்க யாரும் இப்படி நிக்க மாட்டாங்க. லெட்டர் எழுதணும், பதில் வரும்வரைக்கும் இருக்கணும்" என்றாள். பாதி டேனிஷ், பாதி தமிழ். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் குறைந்துவிடும்.

"எழுதினா பேர் போடுவாங்களா?"

"பேரா? என்ன பேர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரட்டு என்றால் என்ன, பேர் என்றால் என்ன என்று என் பிள்ளைக்கு நான் சொன்னதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அவளுடைய அம்மா வாசல்களில் நிற்கிறவள்.

ஊல்லா கடைசியில் தொலைபேசியை எடுத்தாள். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில், துடிப்பை எண்ணி ஊகிக்காமல் மூச்சையே பிடித்து அளக்கிற ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே என்ன சொல்கிறார்களோ அதுதான் முடிவு. அங்கேயும் முடியாது என்றால் தையல் வகுப்பு, அதற்குப் பிறகு வாசலில் நிற்கக் கூடாது.

"சரி" என்றேன். இந்தத் தடவை தவறினால் பலவீனமானவள் என்ற சொல்லை மெஷினே எழுதித் தந்துவிடும், பிறகு அழிக்க முடியாது.

5

ரயிலில் சாந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, தட்டையான வயல்தான். மலையேறிப் பட்டிப்பொலவில் மூச்சிரைத்து நிற்கும் நம் ரயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த ரயில் தூங்கிக்கொண்டே ஓடுகிறது என்று தோன்றும்.

நான் அவளிடம் தராசின் கதையைச் சொன்னேன். கழிப்பு, அரைப்பேர், கணக்கப்பிள்ளையின் முதுகு எல்லாம். ஒரு கிழமை பெரட்டில் நின்றதையும் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அதனாலதான் அன்னிக்கு வேகமா மிதிச்சீங்களா?"

"ஆமா."

"அப்புறம் முள்ளப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒருநாள் கூடவா?"

"மலைல இருந்த வரைக்கும் ஒருநாள் கூட இல்ல. பாட்டியும் பாத்தது கிடையாது."

அவள் வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டாளா, கேட்ட மாதிரி இருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

6

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையில் நான் நல்ல நிலை என்ற வரிசையில் வந்தேன், அது ஒரு கிழமைக்குப் பிறகு தபாலில் தெரிந்தது. வேலை கிடைத்தது. எங்கும் போகாத சைக்கிளை முதலில் ஓட்டி, எங்காவது போகும் சைக்கிளை அதற்குப் பிறகு பழகியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாந்தி பள்ளிக்கூட மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள், நான் விழுந்த தழும்பு முழங்காலில் இருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது அந்த அறையில் நடந்ததை.

யென்ஸ் என்று ஒரு நெட்டையான மனிதர், வெள்ளைக் கோட்டு. அதே மாதிரிச் சைக்கிள், அதே டக் டக் பெட்டி. ஆனால் பக்கத்தில் ஒரு கம்பியில் பெரிய ரப்பர் பை ஒன்று வெறுமையாகத் தொங்கியது, கொழுந்து கொட்டுகிற சாக்கு அளவுக்கு. மூக்கை ஒரு கவ்வியால் மூடிவிடுவார்கள். வாயில் ஒரு குழாய். அறைக் காற்றை உள்ளே இழுக்கலாம், வெளியே விடுகிற மூச்சு அத்தனையும் பைக்குள் போய்விடும். பிறகு பையை ஒரு மீட்டரில் அழுத்தி எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

குழாயை வாயில் வைப்பதற்கு முன், "எவ்வளவு கழிப்பாங்கன்னு கேளு" என்றேன்.

இப்படி ஒரு கேள்விக்குச் சாந்தி எப்போதும் கண்ணை உருட்டுவாள். அன்று உருட்டவில்லை. ஒரு சாணாகச் சுருக்காமல், நான் கேட்டதை முழுசாகக் கேட்டாள். யென்ஸ் சைக்கிளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"கழிப்பாங்களாம்மா" என்றாள் சாந்தி. "உள்ள போற காத்துல எவ்வளவு பிராணவாயு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமாம். நீங்க வெளிய விடறதுல எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு பார்த்து, அதக் கழிப்பாங்களாம். வர்ற வித்தியாசம் உங்க உடம்பு எடுத்துக்கிட்டதாம். அதுதான் உங்க கணக்காம்."

நான் மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். காணாமல் போனது முழுவதும் என் பேரில் எழுதப்படும்! இப்படி ஒரு தராசை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அன்றைக்குப் பெட்டி டக் என்றபோது நான் டக் என்று மட்டும் மிதித்தேன். என் கால்கள் கூட்டிப் போடத் துடித்தன, நான் விடவில்லை. அதுதான் அன்றைய வேலையிலேயே கடினமான வேலை. யென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியை இறுக்கினார். முதல் இறுக்கம் லயத்திலிருந்து பீலிக்குப் போகிற வழி மாதிரி இருந்தது. பிறகு கோயில் ஏற்றம். அதற்குப் பிறகு மடுவத்துக்கு ஏறுகிற செங்குத்து, முழுக் கூடையோடு, மழையில். வாயில் ரப்பர் நாறியது. தொடை இரண்டும் எரிந்தன. பை உப்பிக்கொண்டே வந்தது. ஒரு பை நிறைந்ததும் குழாயைத் திருப்பி இன்னொரு பையை மாட்டினார்கள்.

யென்ஸ் போதுமா என்று கையால் கேட்டார். தலையை ஆட்டி இல்லை என்றேன். மறுபடியும் இறுக்கினார். மறுபடியும் கேட்டார். இல்லை. என் அம்மா ஏறிய ஏற்றம் என் கால்களுக்குத் தெரியும். இரத்தம் குறைந்த உடம்போடு, வயிற்றில் பிள்ளையோடு, நெற்றியில் கயிறோடு ஏறியவள் அவள். அவளைப் பலவீனமானவள் என்று எந்த மேசையில் எழுதுவார்கள்? எழுதட்டும், பார்ப்போம் என்று மிதித்தேன். கடைசியில் அறை மங்கி, பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கால் தவறவிட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

குழாயை எடுத்துவிட்டார்கள். கவ்வியையும் எடுத்துவிட்டார்கள். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினேன். வாயைத் திறந்தாலும் பேச்சு வரவில்லை.

யென்ஸ் கடைசிப் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனார். அங்கே மேசைமேல் மீட்டர் இருந்தது. வட்டமான கண்ணாடி, உள்ளே ஒரு முள். பையை அதில் பொருத்தினார். பையை அழுத்திக்கொண்டே, எனக்கும் அதற்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவர் வேண்டுமென்று நிற்கவில்லை. வேலை செய்கிற மனிதர் நிற்கிற இடம் அது. ஆனால் வெள்ளைக் கோட்டு என் கண் முழுவதையும் அடைத்துக்கொண்டது. என் மூச்சு, என் பை, என் முள். எனக்குத் தெரிவது ஒரு கோட்டு! எத்தனையோ வருடமாகத் தொண்டையில் நின்ற அந்த வார்த்தை தமிழில் தயாராக இருந்தது, அதைச் சொல்லத்தான் மூச்சு இல்லை. கையை மட்டும் தூக்கி அந்தப் பக்கம் நீட்டினேன்.

சாந்தி என் கையைப் பார்த்தாள், பிறகு யென்ஸின் முதுகைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. அவளாகவே நடந்து போய் அந்த நெட்டை மனிதரின் பக்கத்தில் நின்று, டேனிஷில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அது என் அம்மாவின் கணக்கு. அம்மா முள்ளைப் பார்க்க வேண்டும்."

யென்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், பையை அழுத்தியபடியே தள்ளி நின்றார். சாந்தி மேசையிலிருந்த மீட்டரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கம்மா" என்றாள். "முள்ளு இன்னும் ஓடுது."